காரியஸ்தர் யாருக்குக் காவலர்?

அமானிதம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மக்களின் நினைவுக்கு வருவது, ஒருவர் கொடுத்து வைத்த பணத்தையோ நகையையோ அவர் கேட்கும்பொழுது குறையாமல் திருப்பிக் கொடுப்பது என்பதுதான். அதுவும் அமானிதம்தான்; ஐயமில்லை. ஆனால் ஒரு பெரிய வீட்டையும், அதன் தோட்டத்தையும், அங்கே உழைக்கும் ஐந்தாறு மனிதர்களையும் ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு உடையவர் வெளியூரில் வாழ்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒப்படைக்கப் பெற்றவரின் கையில் இருக்கும் அமானிதம் எது? சாவிக்கொத்து மட்டும்தானா? அந்த மனிதர்களும் சேர்ந்தா? நாளை மஹ்ஷர் வெளியில் அவரிடம் எதைப் பற்றிக் கேட்கப்படும்?

திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியே ரமணாசிரமப் பகுதிக்குச் சென்று வந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதுமையாகத் தோன்றாது. 1896-ஆம் ஆண்டு மதுரையிலிருந்து வேங்கடராமன் என்னும் இளைஞர் இவ்வூருக்கு வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று அழைக்கப்பட்டவர் அவரே. 1922-இல் அவருடைய தாயார் காலமாகி, மலையின் தென்புற அடிவாரத்தில் அடக்கம் செய்யப்பட்டபின், அவ்விடத்தைச் சுற்றி ஆசிரமம் எழுந்தது. பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் தம் பயணத்தைப் பற்றி எழுதிய நூல் 1934-இல் வெளியான பிறகு, மேல்நாட்டாரும் இங்கே வரத் தொடங்கினர். அன்று புதராகவும் புன்செயாகவும் கிடந்த பூமியில் இன்று தோட்டம் சூழ்ந்த வீடுகள் நிறைந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றின் உடைமையாளர்கள் பெருநகரங்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்பவர்கள். கார்த்திகை தீபத்தை ஒட்டிச் சில மாதங்கள் வீட்டில் விளக்கெரியும்; வெயில் காலம் வந்தால் கதவு சாத்தப்படும். உடையவர் இல்லாத காலத்திலும் வீட்டைக் கட்டிக் காப்பவர், மேனேஜர் என்றும் ஏஜெண்டு என்றும் சொல்லப்படுகிற காரியஸ்தர்.

இத்தகைய வீடு ஒன்றின் காரியஸ்தராக உள்ள சகோதரர் ஒருவர் நம்மிடம் மஸ்அலா கேட்டார். பெயரும் முகவரியும் இங்கே தேவையில்லை. வீட்டுக்கு உரியவர்கள் நகரத்தில் பேர் பெற்ற குடும்பத்தினர். சமையற்காரர் ஒருவர், தோட்டக்காரர் ஒருவர், இரவுக் காவலர் ஒருவர், பெருக்கித் துடைக்க இரண்டு பெண்கள் ஆகியோர் மாதச் சம்பளத்தில் இருக்கிறார்கள். “பங்குனி முதல் ஆவணி வரை நாங்கள் வருவதில்லை, ஆகவே அந்த மாதங்களுக்குப் பாதிச் சம்பளம் போதும். ஆனால் அவர்கள் வேறெங்கும் வேலைக்குப் போகக் கூடாது. நாங்கள் எந்த நேரமும் வருவோம்” என்று எஜமானர் உத்தரவிட்டிருக்கிறார். சகோதரர் கேட்டது இதுதான்: “முதலாளியின் பணத்தை மிச்சப்படுத்துவது என் மீதுள்ள அமானிதம் அல்லவா? அவர் சொன்னபடி நான் செய்தால் என் மீது குற்றம் உண்டா?”

கேள்வியில் ஒரு நியாயம் தெரிகிறது. ஆகவே அவசரப்பட்டுப் பதில் சொல்லாமல் சற்று ஆராய்வோம்.

உடையவருக்குரிய ஹக்கு

பிறர் பொருளைக் காப்பதில் நம் மார்க்கம் எவ்வளவு கண்டிப்பானது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஹள்ரத் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரளி) அவர்கள் ஒருநாள் மதீனாவுக்கு வெளியே ஓர் ஆட்டிடையரைக் கண்டார்கள். ஓர் ஆட்டை விலைக்குக் கேட்டார்கள். “ஆடுகள் என்னுடையவை அல்ல, என் எஜமானருடையவை” என்றார் அவர். சோதித்துப் பார்க்கும் எண்ணத்துடன், ஓநாய் தின்றுவிட்டதாக எஜமானரிடம் சொல்லிவிடலாமே என்றார்கள். இடையர் வானத்தை நோக்கி விரலை உயர்த்தி, அப்படியானால் அல்லாஹ்வை என்ன செய்வது என்ற கருத்துப்படக் கேட்டுவிட்டார். அச்சொல் இப்னு உமர் (ரளி) அவர்களின் உள்ளத்தைத் தொட்டது. அந்த அடிமை இடையரை விலைக்கு வாங்கி உரிமையிட்டு, ஆடுகளையும் வாங்கி அவருக்கே கொடுத்தார்கள்.

மாபெரும் ஹதீஸ் கலை வல்லுநரான அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்களின் தந்தையைப் பற்றியும் ஒரு செய்தி கூறப்படுவதுண்டு. இதையே இப்ராஹீம் இப்னு அத்ஹம் (ரஹ்) அவர்களின் பெயரிலும் சொல்வார்கள். அவர் ஒருவருடைய தோட்டத்தில் நெடுநாள் வேலை பார்த்தார். ஒருமுறை எஜமானர் வந்து இனிப்பு மாதுளை கேட்டார். பறித்துக் கொடுத்த பழம் புளித்தது. மறுபடி பறித்ததும் புளித்தது. இவ்வளவு காலம் இங்கிருந்தும் எந்த மரம் இனிப்பு, எந்த மரம் புளிப்பு என்று தெரியாதா என்று எஜமானர் கோபித்தார். காக்கத்தான் என்னை வைத்தீர்கள், தின்ன அனுமதி தரவில்லையே என்று அவர் விடை சொன்னாராம்.

காரியஸ்தர் தம் எஜமானருக்கு இப்படி இருக்க வேண்டும். தோட்டத்துத் தேங்காய் ஒன்று அனுமதியில்லாமல் தம் வீட்டுக்குப் போகக் கூடாது. இதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை.

எது எஜமானரின் பணம்?

ஆனால், சகோதரர்களே, கேள்வியின் முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. எஜமானரின் பணத்தைக் காக்க வேண்டும் என்பது சரி. எந்தப் பணம் எஜமானருடையது?

ஒருவர் உழைத்து முடித்த மாதத்தின் ஊதியம் எஜமானரின் பெட்டியில் இருக்கலாம். அவருடைய வங்கிக் கணக்கிலும் இருக்கலாம். என்றாலும் மார்க்கத்தின் பார்வையில் அது அவருடையதல்ல. அது உழைத்தவருக்குச் சேர வேண்டிய கடன். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியதின் உட்பொருள் இதுவே. வேலையைப் பூரணமாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக கியாமத் நாளில் தானே வழக்காடப் போவதாக அல்லாஹு தஆலா அறிவித்திருக்கும் ஹதீஸ் குத்ஸி புகாரி ஷரீஃபில் பதிவாகியுள்ளது. வழக்கைத் தீர்க்கும் நீதிபதியே வாதியாக நின்றால், பிரதிவாதியின் கதி என்ன?

ஆகவே வேலையாளின் ஊதியத்தில் கை வைத்து எஜமானருக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கும் காரியஸ்தர், எஜமானரின் பொருளைக் காக்கவில்லை. பிறர் பொருளை எடுத்து எஜமானரின் பொருளோடு கலந்துவிடுகிறார். ஹலாலான பாலில் அசுத்தத்தைக் கலப்பவனைப் பாலைக் காத்தவன் என்று யாராவது சொல்வார்களா?

வேலை இல்லாத மாதம்

“அந்த மாதங்களில் வேலை இல்லையே! உழைக்காத நாளுக்கு ஊதியம் எப்படிக் கடனாகும்?” என்று கேட்கலாம். இதற்கு ஃபிக்ஹு கலை அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை சொல்லி வைத்திருக்கிறார்கள்.

வேலையாட்களை அவர்கள் இரு வகையாகப் பிரித்தார்கள். தையற்காரரைப் போலவும் சலவைத் தொழிலாளியைப் போலவும் பலருக்கும் வேலை செய்பவர் ‘அஜீர் முஷ்தரக்’. அவர் வேலையை முடித்துக் கொடுத்தால்தான் கூலி. ஒருவருக்கென்று குறிப்பிட்ட காலத்திற்கு அமர்த்தப்பட்டவர் ‘அஜீர் காஸ்’. அவர் தம்மை ஒப்படைத்துக் காத்திருந்தாலே கூலிக்கு உரியவராகிவிடுகிறார். வேலை கொடுக்காமல் இருந்தது அவர் குற்றமல்ல. ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற சட்ட நூலான ‘ஹிதாயா’ இதற்கு உதாரணமாகக் காட்டுவது, மாதக் கணக்கில் பணிவிடைக்கு அமர்த்தப்பட்டவரையும் ஆடு மேய்க்க அமர்த்தப்பட்டவரையும்தான். நம் சமையற்காரரும் தோட்டக்காரரும் இந்த இனத்தைச் சேர்ந்தவர்களே.

எஜமானர் இட்ட உத்தரவை இப்போது மறுபடி பாருங்கள். வேறெங்கும் போகக் கூடாது, எந்த நேரமும் தயாராக இருக்க வேண்டும் என்கிறார். அதாவது அவர்களுடைய நாட்களைத் தமக்கென்று பிடித்து வைத்துக்கொள்கிறார். பிடித்து வைத்த நாட்களுக்கு விலை கொடுக்க வேண்டாமா? முழு நாளை எடுத்துக்கொண்டு பாதி நாளுக்கு விலை கொடுப்பது என்ன வியாபாரம்? வாங்கும்பொழுது நிறைவாக அளந்து வாங்கி, கொடுக்கும்பொழுது குறைத்து அளப்போருக்குக் கேடுதான் என்று ஸூரத்துல் முதஃப்பிஃபீனில் அல்லாஹ் எச்சரிக்கிறான். அந்த எச்சரிக்கை தராசு பிடிக்கும் மளிகைக் கடைக்காரருக்கு மட்டும் வந்ததன்று. மனிதனுடைய நேரத்தை அளப்பவருக்கும் அது பொருந்தும்.

மேலும், வேலை இல்லை என்பதே பல வீடுகளில் உண்மையல்ல. சித்திரை வெயிலில்தான் தோட்டக்காரர் செடிக்குச் செடி நீர் சுமக்க வேண்டியிருக்கிறது. ஆளில்லாத வீட்டில்தான் கறையான் ஏறுகிறது, குரங்கு ஓட்டைப் பெயர்க்கிறது, திருடனும் நோட்டமிடுகிறான். இரவுக் காவலருக்கு எல்லா இரவும் ஒரே நீளம்தான்.

ஒரு வழி மார்க்கத்தில் திறந்தே இருக்கிறது. அடுத்த ஆண்டிலிருந்து இன்னின்ன மாதங்கள் மட்டுமே வேலை, மீதி மாதங்களில் நீங்கள் விரும்பிய இடத்தில் உழைத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே தெளிவாகப் பேசி, இரு தரப்பும் மனமொப்பி ஏற்றுக்கொண்டால் அது செல்லும். கூலி இன்னதென்று தெரிவிக்காமல் ஆள் அமர்த்துவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஆயினும் மனமொப்புதல் என்பது வாயால் தலையாட்டுவதல்ல. “சம்மதமா? இல்லையென்றால் நின்றுகொள்” என்று கேட்டு, பசிக்குப் பயந்து வாங்கிய சம்மதம் அல்லாஹ்விடம் எவ்வளவு எடை பெறும் என்பதை எஜமானர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

மூஸா (அலை) அவர்கள் மத்யனில் கூலிக்கு அமர்ந்த வரலாற்றைத் திருமறை ஸூரத்துல் கஸஸில் கூறுகிறது. அங்கே காலம் எட்டு ஆண்டு என்று வரையறுக்கப்பட்டது. பத்தாக்குவது உழைப்பவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. அவருக்குச் சிரமம் கொடுக்கத் தாம் நாடவில்லை என்று எஜமானர் தாமே முன்வந்து உறுதி கூறினார். வலிமையும் நம்பிக்கையும் உடையவரே வேலைக்கு அமர்த்தச் சிறந்தவர் என்று அவருடைய மகளார் சொன்னதைப் பலரும் மேடையில் சொல்கிறோம். எஜமானர் கொடுத்த உறுதிமொழியைச் சொல்ல மட்டும் மறந்துவிடுகிறோம்!

எஜமானருக்கு உதவி எது?

அநீதி செய்பவனாயினும் அநீதிக்கு ஆளானவனாயினும் உன் சகோதரனுக்கு உதவி செய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியபொழுது, ஸஹாபாக்கள் வியந்து போனார்கள். அநீதி செய்பவனுக்கு எப்படி உதவுவது? அவனுடைய கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கம் தந்தார்கள் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள்.

காரியஸ்தர் பதவியின் சாரம் முழுவதும் இந்த ஒரு விளக்கத்தில் அடங்கிவிடுகிறது என்போம். அவர் எஜமானருடைய மதிற்சுவருக்கும் மாமரத்துக்கும் மட்டும் காவலர் அல்லர். எஜமானருடைய ஆகிரத்துக்கும் காவலர். தோட்டத்தில் களவு போனால் நஷ்டம் சில நூறு ரூபாய். ஐந்து ஏழைகளின் ஹக்கு எஜமானரின் கணக்கில் ஏறினால், அந்த நஷ்டத்தை ஈடு செய்ய ரூபாய் செல்லாத நாள் ஒன்று வருகிறது. அந்நாளில் நன்மைகளை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவை தீர்ந்துபோனால் எதிராளியின் பாவங்களைச் சுமக்க வேண்டும். தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் கொண்டு வந்தும் இப்படி வெறுங்கையராகிப் போகிறவரையே தம் உம்மத்தில் ‘முஃப்லிஸ்’, அதாவது திவாலானவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அடையாளம் காட்டினார்கள். எஜமானரைத் திவாலாக்கும் சிக்கனத்தை விசுவாசம் என்று சொல்லலாமா?

“வேலையாட்கள் நம்மவர்கள் அல்லவே” என்று சிலர் மெல்லக் கேட்பதுண்டு. திருவண்ணாமலை போன்ற ஊரில் இத்தகைய வீடுகளில் உழைப்போர் பெரும்பாலும் மாற்று மதத்தினரே. இந்தக் கேள்வி நம் வாயில் வரவே கூடாது. ஒப்பந்தத்தின்கீழ் வாழும் பிற மதத்தவருக்கு அநீதி இழைப்பவனுக்கு எதிராகத் தாமே வாதியாக நிற்பதாக நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அநீதிக்கு உள்ளானவர் யாராயினும் அவருடைய பெருமூச்சுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை.

சர்வாதிகாரி என்னும் பட்டம்

ரமணாசிரம வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. ரமணருடைய தம்பி சின்னசுவாமி என்ற நிரஞ்சனானந்தர், ஆசிரம நிர்வாகத்தைப் பல்லாண்டு காலம், 1953-இல் தாம் மறையும் வரை நடத்தினார். அவருக்கிருந்த பதவிப் பெயர் ‘சர்வாதிகாரி’. எல்லாப் பொறுப்பும் உள்ளவர் என்ற கருத்தில் அந்நாளில் வைத்த பெயர் அது. கண்டிப்பானவர் என்றும் அவர் பெயர் எடுத்தார். சமையற்கட்டு, மாட்டுத் தொழுவம், கட்டட வேலை, வந்து போகும் கூட்டம் எல்லாவற்றையும் ஒருவர் கட்டி மேய்ப்பது எளிதா?

அவர்களுடைய கொள்கை வேறு, நம்முடைய தவ்ஹீத் வேறு. ஆயினும் நிர்வாகம் என்ற அளவில் அங்கே காணும் ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. யாரைக் காண அத்தனை பேரும் வந்தார்களோ அவர், பல ஆண்டுகள் விடியுமுன் எழுந்து சமையற்கட்டில் காய்கறி நறுக்கினார். பந்தியில் எல்லாருக்கும் படைத்ததையே தமக்கும் படைக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். தலைமையில் இருப்பவர் இப்படி நடந்தால், கீழே நிர்வாகம் செய்பவரின் கண்டிப்பு கொடுமையாக மாறாமல் அதுவே ஒரு வேலியாகிவிடும். வேலையாட்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதை உண்ணக் கொடுங்கள், உடுப்பதை உடுக்கக் கொடுங்கள், சக்திக்கு மீறிச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கை கொடுங்கள் என்ற கருத்தில் ஹள்ரத் அபூதர் (ரளி) அவர்களுக்கு உபதேசிக்கப்பட்டது நம்மிடம் இருக்கிறது. அடுத்த வீட்டில் காண்பதைப் பார்த்து, நம் வீட்டில் மறந்து வைத்த செல்வத்தை நினைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

‘சர்வாதிகாரி’ என்ற சொல்லுக்கு இன்று வேறு பொருள் வந்துவிட்டது. கேட்பாரற்று ஆள்பவன் என்பதே இன்றைய பொருள். ஒரு சொல் இப்படித் திரிந்ததைப் போல, பதவியும் மனிதனுக்குள் திரிந்துபோகும். பொறுப்பு என்று தொடங்கியது அதிகாரம் என்று முடிகிறது. தம் அடிமையைச் சாட்டையால் அடித்துக்கொண்டிருந்த ஹள்ரத் அபூமஸ்ஊத் (ரளி) அவர்களுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. திரும்பினால் நாயகம் (ஸல்) அவர்கள். இவர்மீது உமக்குள்ள சக்தியைவிட உம்மீது அல்லாஹ்வுக்குள்ள சக்தி பெரிது என்று உணர்த்தினார்கள். சாட்டை கையிலிருந்து விழுந்தது. அடிமை விடுதலை பெற்றார்.

மாளிகைகள் நிற்பதில்லை

இதே திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணி இருக்கிறது. அங்கே மராட்டியக் குடும்பத்தைச் சேர்ந்த ஜாகீர்தார்கள் தலைமுறை தலைமுறையாகச் செல்வாக்குடன் வாழ்ந்தார்கள். பூசிமலைக்குப்பத்தில் அவர்கள் எழுப்பிய மாளிகை ஒரு காலத்தில் வேலையாட்களும் விருந்தாளிகளுமாக இருந்திருக்கும். 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தின் ஜமீன்களுக்கு முடிவு கட்டியது. இன்று அம்மாளிகை பாழடைந்து, சுவரில் மரம் முளைத்து நிற்கிறது. அதில் எடுபிடியாக இருந்தவர்களின் பெயரைச் சொல்லக்கூட ஆளில்லை. ஆனால் அவர்களில் ஒருவருக்கு ஒரு நாள் கூலி பாக்கியிருந்தாலும் அந்தக் கணக்கு மட்டும் பாழடையவில்லை! கட்டடம் விழும், கணக்கு விழாது.

காரியஸ்தரின் சொந்தச் சோதனைகள்

எஜமானரைக் கண்டிப்பது எளிது. காரியஸ்தர் தம்மையும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கமிஷன். வீட்டுக்குச் சாமான் வாங்கும் கடையில் காரியஸ்தருக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்கப்படுகிறது. ஜகாத் வசூலிக்கச் சென்று திரும்பிய ஒருவர், இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தபொழுது, தாய் தந்தையரின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று கேட்டார்கள். காரியஸ்தரும் அதே கேள்வியைத் தம்மிடம் கேட்டுக்கொள்ளட்டும். விலையில் தள்ளுபடி கிடைத்தால் அது எஜமானருடையது. தம் மைத்துனர் கடையில் வாங்குவதானால் எஜமானருக்கு அறிவித்துவிட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது, சந்தேகம். ஒரு வெள்ளித் தம்ளர் காணாமற்போனால் முதலில் சோதிக்கப்படுவது பெருக்கும் பெண்ணின் பை. தம்ளர் பிறகு அலமாரிக்குப் பின்னால் கிடைக்கிறது. போன மானம் எந்த அலமாரிக்குப் பின்னால் கிடைக்கும்? ஊகங்களில் பலவற்றைத் தவிர்க்கும்படி ஸூரத்துல் ஹுஜுராத்தில் வந்துள்ள கட்டளை, ஏழையைப் பற்றிய ஊகத்தையும் சேர்த்துத்தான்.

மூன்றாவது, நாக்கு. ஹள்ரத் அனஸ் (ரளி) அவர்கள் பத்தாண்டு காலம் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அந்தப் பத்தாண்டில் சலிப்பாக ஒரு ‘சீ’ என்ற சொல்லைக்கூடத் தாம் கேட்டதில்லை என்று சாட்சி சொன்னார்கள். நம் காரியஸ்தர்களிடம் வேலை பார்ப்பவர்கள் பத்து நாளைக்காவது இப்படிச் சாட்சி சொல்வார்களா?

நான்காவது, முன்பணம். பிள்ளையின் கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ ஒரு தொகையைக் கடனாகக் கொடுத்துவிட்டு, அதைக் காட்டியே ஒரு குடும்பத்தை நகரவிடாமல் வைத்திருப்பது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இதைக் குற்றம் என்கிறது. சட்டம் வருமுன்பே மார்க்கம் அநீதி என்றது. கடனைக் கடனாகக் கேட்கலாம். மனிதனை அடகாக வைத்துக்கொள்ள முடியாது.

யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியங்களுக்குப் பொறுப்பேற்க முன்வந்தபொழுது, தாம் காப்பவர் என்பதோடு அறிந்தவர் என்றும் சொன்னதைத் திருமறை எடுத்துரைக்கிறது. நல்ல மனம் மட்டும் போதாது. கணக்கும் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டு வேலை செய்வோருக்கென்று தமிழகத்தில் 2007-இல் நலவாரியம் அமைக்கப்பட்டது. அதில் பதிவு செய்ய அவர்களுக்கு உதவுவது காரியஸ்தருக்கு அரை நாள் வேலை. 2011-இல் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் வீட்டுப் பணியாளருக்காகத் தனி உடன்படிக்கையே இயற்றியது. ஓய்வு, தெளிவான ஒப்பந்தம், கண்ணியம் என்று உலகம் இன்று கூடிப் பேசுவதை நாம் அந்நியமாகப் பார்க்க வேண்டியதில்லை.

“என் வேலை போய்விடுமே!”

இங்கேதான் கேள்வி கேட்ட சகோதரரின் உள்ளம் கனக்கிறது என்பதை நாம் அறிவோம். அவரும் மாதச் சம்பளக்காரர். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எஜமானரை எதிர்த்தால் அவருடைய இடத்தில் நாளையே வேறொருவர் உட்காருவார். வந்தவர் பாதியைக் கால்வாசியாக்கவும் கூடும். இது வெறும் சாக்கு அல்ல. எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை.

ஆனால் சக்திக்கு உட்பட்டது எவ்வளவு என்பதை மனிதன் குறைத்தே மதிப்பிடுகிறான். எஜமானரிடம் தனிமையில், பணிவாக, கணக்கோடு பேசலாம். தோட்டக்காரர் போய்விட்டால் புதியவருக்கு ஆகும் செலவையும், திருடு போனால் வரும் நஷ்டத்தையும் சொல்லி, அதன்பின் அல்லாஹ்வின் கணக்கையும் நினைவூட்டலாம். முழுச் சம்பளம் முடியாதென்றால், அந்த மாதங்களில் அவர்கள் வேறு வேலைக்குப் போகும் அனுமதியையாவது கேட்டு வாங்கலாம். எஜமானர்கள் எல்லாரும் கல்நெஞ்சர்கள் அல்லர். பலருக்கு விவரம் போய்ச் சேருவதில்லை. விவரத்தைக் கொண்டு சேர்க்க வேண்டியவரே பயந்து மௌனமாகிவிடுகிறார்.

சொல்லியும் கேட்கவில்லையென்றால்? படைத்தவனுக்கு மாறு செய்யும் காரியத்தில் படைப்பினத்துக்குக் கீழ்ப்படிதல் இல்லை என்பதே நம் மார்க்கத்தின் அடிப்படை. உழைத்துக் கடனாகிவிட்ட ஊதியத்தைத் தம் கையால் வெட்டவும், பொய்க் கணக்கு எழுதி வெற்று ரசீதில் கைநாட்டு வாங்கவும் காரியஸ்தருக்கு அனுமதி இல்லை. அந்தக் காரியத்தை என் கையால் செய்ய இயலாது என்று சொல்லிவிட வேண்டும். அதனால் வேலை போகலாம். போகாது என்று நாம் பொய்யாக உறுதி கூற மாட்டோம். அஜீஸின் வீட்டில் உண்மையாக நடந்த யூசுஃப் (அலை) அவர்களுக்குக் கிடைத்தது உடனடியாகப் பரிசல்ல, சிறைதான். களஞ்சியங்களின் சாவி அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே வந்தது. பிழைப்புக்கு வேறு வழி தேடும் வரை இருக்க வேண்டிய நிர்ப்பந்தம் உள்ளவர், வெறுப்போடு இருந்து, வழி தேடுவதில் சோம்பாமல் இருக்கட்டும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லி நிறுத்துகிறோம். தனக்குக் கட்டளையிடப்பட்டதைக் குறைக்காமல், மனம் மகிழ்ந்து, உரியவரிடம் சேர்க்கும் நம்பிக்கையான பொக்கிஷக் காவலரும் தர்மம் செய்தவர்களில் ஒருவரே என்று ஹள்ரத் அபூமூஸா (ரளி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் கூறுகிறது. பணம் எஜமானருடையது, நன்மையில் காரியஸ்தருக்கும் பங்கு! மாதத்தின் முதல் நாளில், முகம் சுளிக்காமல், எண்ணிக் குறையாமல், உழைத்தவர் கையில் சம்பளத்தை வைப்பதே ஓர் இபாதத்தாகிவிடுகிறது. இந்த நற்பேறு காலணா செலவில்லாமல் கிடைக்கும் பொழுது, அதே கையால் ஏழையின் பங்கைக் குறைத்து எஜமானரின் பாவத்திலும் பங்காளியாவானேன்?

ஆகவே சகோதரர்களே! பிறர் வீட்டை நிர்வகிப்போர் மட்டுமல்ல, தர்கா, மஸ்ஜித், மதரஸா ஆகியவற்றின் முத்தவல்லிகளும், கடையில் நான்கு ஆட்களை வைத்து வேலை வாங்குவோரும், வீட்டில் ஒரு பெண்ணைப் பாத்திரம் தேய்க்க வைத்திருப்போரும் இதைத் தம் மீது பொருத்திப் பார்ப்பார்களாக. நாம் ஒவ்வொருவரும் ஒருவகையில் மேய்ப்பர்களே. நம் மேய்ச்சலில் விடப்பட்டதைப் பற்றி நாம் ஒவ்வொருவரும் கேட்கப்படுவோம். உழைப்பவர் ஹக்கை உலகிலேயே தீர்த்துவிட்டு, யாருடைய கையும் நம் சட்டையைப் பிடித்திழுக்காத நிலையில் தன் சந்நிதியில் நிற்கும் பாக்கியத்தை எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.